வெள்ளி இரவுக் கணக்கு

கேள்வி: ஆறு மாத மென்பொருள் ப்ராஜெக்ட், ஒன்பது பேர். ஐந்து மாதம் முடிந்த நிலையில் இரண்டு மாதம் தள்ளிப்போகும் போலிருக்கிறது. புது டூல், தினசரி மீட்டிங், கூடுதலாக நான்கு பேர் என்கிறது நிர்வாகம். எது பலன் தரும்? டீமைத் தொந்தரவு செய்யாமல் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டைக்கூட வெள்ளி இரவு வீட்டில் நானே நிரப்பிவிடுகிறேன். பெரும்பாலும் 90% தாண்டிவிட்டோம்.

பதில்: கடைசியில் போகிறபோக்கில் எழுதினீர்களே, அதுதான் நோய். வேலை செய்தவரைக் கேட்காமல் எழுதிய 90% ரிப்போர்ட் அல்ல, ஆரூடம். அந்த ‘இரண்டு மாதம்’ எங்கிருந்து வந்தது? அதுவும் வெள்ளி இரவுக் கணக்குதானே?

தொந்தரவு செய்யவில்லையாம்! பத்து நிமிடம் கேட்கக் கூச்சப்பட்ட நீங்கள், குட்டு உடைந்ததும் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகளைப் பிடுங்கப்போகிறீர்கள். அவர்களுக்கும் வீடு, பிள்ளைகள் உண்டு. உங்கள் வீட்டாரோ வெள்ளிதோறும் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கடமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மீதி வேலையை, அதைச் செய்பவர்களையே உட்காரவைத்து, இரண்டு முதல் ஐந்து நாளில் முடியும் துண்டுகளாக உடையுங்கள். முடிந்த வேலைகளையும் இதே அளவில் எண்ணுங்கள். டெஸ்ட் தாண்டிய துண்டுக்கு 100, இல்லையேல் 0. நடுவில் எதுவும் கிடையாது. இன்றைக்குள் 900 ஆள்-நாள் (ஒருவர் ஒரு நாளில் செய்வது ஒரு ஆள்-நாள்) வேலை முடிந்திருக்க வேண்டும், 540க்கானதுதான் முடிந்தது என்றால் விகிதம் 0.6. இதே வேகத்தில் 24 வாரத் திட்டம் 40 வாரம் இழுக்கும். இரண்டு மாதமல்ல, கிட்டத்தட்ட நான்கு.

இந்த விகிதமும் ஏமாற்றும். சுலபமானவற்றை முதலில் முடித்தாலே ஏறிவிடும். எவ்வளவு தாமதமானாலும் எல்லாம் முடியும் நாளில் 1 என்றுதான் காட்டும். அதனால் கிரிட்டிகல் பாத்தில், அதாவது ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்று நீளும் வேலைச் சங்கிலிகளில் மிக நீளமானதில், உள்ள துண்டுகளைத் தனியே எழுதி வையுங்கள். அங்கே ஒரு நாள் நழுவினால் முடிவுத் தேதியும் ஒரு நாள் நழுவும்.

நான்கு பேர் இப்போது வேண்டாம். ஒன்பது பேருக்குள் இருவர் இருவராகப் பேச 36 ஜோடிகள். பதின்மூன்று பேரானால் 78. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரப்போவதும் கிரிட்டிகல் பாத்தில் சிக்கியிருக்கும் அதே ஆள்தான்.

புது டூலில் போட்டால் பழைய பொய்க்கு வண்ணம் கிடைக்கும், அவ்வளவே.

தினசரி மீட்டிங் வைக்கலாம். 15 நிமிடம், எது முடிந்தது, எது எங்கே மாட்டியிருக்கிறது, இவ்வளவுதான். யாராவது ‘90% முடிந்தது’ என்றால் 0 என்று குறித்துக்கொள்ளுங்கள்.