ரெண்டு ரிவ்யூவர், ரெண்டு தீர்ப்பு

கேள்வி: என் பேப்பருக்கு முதல் ரிவ்யூவர் 'அருமை, அப்படியே போடலாம்'னு எழுதிட்டாரு, ரெண்டாவது ஆள் 'புதுசா எதுவும் இல்ல'ன்னு ரெண்டே வரியில முடிச்சிட்டாரு. எடிட்டர் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. இந்த பியர் ரிவ்யூவ, அதான் அதே துறை ஆளுங்க பேப்பர படிச்சு கருத்து சொல்றத, எவ்வளவு நம்பலாம்னு யாராவது அளந்து பாத்திருக்காங்களா?
- ஆராய்ச்சி மாணவி ஒருவர்

பதில்: பாத்திருக்காங்கம்மா, நல்லாவே பாத்திருக்காங்க. 2014ல நிப்ஸ்னு (இப்ப நியூரிப்ஸ்) மெஷின் லேர்னிங் மாநாடு, அத நடத்துன கொரின்னா கார்டெஸும் நீல் லாரன்ஸும் வந்த பேப்பர்ல 166ஐ எடுத்து ரெண்டு தனித்தனி குழுகிட்ட குடுத்தாங்க, 43ல முடிவு மாறிடுச்சு. நாலுல ஒண்ணுதானேன்னு தோணும், ஆனா அங்க வர்றதுல முக்கால்வாசிக்கு மேல எப்படியும் ரிஜெக்ட்தான், அதுல ஒத்துப்போறது பெரிய விஷயமே இல்ல. ஒரு குழு எடுத்துக்கிட்டதுல பாதிக்கு மேல இன்னொரு குழு தள்ளிடுச்சு, அதான் முக்கியம். 2021ல திரும்பப் பண்ணப்பவும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான்.

அதனாலதான் வெறும் சதவீதத்த விட்டுட்டு கப்பான்னு ஒரு அளவ பாக்குறாங்க, தற்செயலா ஒத்துப்போறத அது கழிச்சிடும். 1னா முழு ஒற்றுமை, 0னா காசு சுண்டிப் போட்டதுக்கு சமம். 48 ஆய்வுகள சேத்து 2010ல வந்த ஒரு தொகுப்புல சராசரி கப்பா 0.17தான். ஆனா ஒண்ணு, ஒருத்தர் மெத்தட தெரிஞ்சவர், இன்னொருத்தர் துறைய தெரிஞ்சவர்னு எடிட்டரே வேணும்னு வேற வேற ஆளா பாத்து அனுப்புவாங்க, அப்ப கருத்து வேறுபடறது தப்பே இல்ல.

ஒத்துப்போனாலும் ரிவ்யூ தரமா இருக்குன்னு அர்த்தம் இல்ல, ரெண்டு பேரும் ஒரே தப்ப கோட்டை விட்டா கப்பா சூப்பரா வரும்! பிஎம்ஜே மருத்துவ இதழோட ரிவ்யூவர்கள்கிட்ட, ஒவ்வொண்ணுலயும் 9 பெரிய தப்ப வேணும்னே வச்சு பேப்பர் அனுப்புனாங்க, 2008ல ரிசல்ட் வந்துச்சு, சராசரியா ஒரு மூணுதான் கண்டுபிடிச்சிருக்காங்க. ட்ரெய்னிங் குடுத்தும் பெருசா ஏறல.

ரிவ்யூவுக்கே மார்க் போடவும் ஒரு அளவுகோல் இருக்கு. கேள்வி முக்கியமானதான்னு பேசியிருக்காங்களா, மெத்தடோட பலம் பலவீனம் சொல்லியிருக்காங்களா, சொன்னதுக்கு பேப்பர்லேருந்தே ஆதாரம் காட்டியிருக்காங்களான்னு ஒவ்வொண்ணுக்கும் அஞ்சுக்கு மார்க். உங்களுக்கு வந்த ரெண்டு ரிவ்யூவையும் இதுல வச்சுப் பாருங்க, ரெண்டாவது தேறாது, 'அருமை'ன்னவரும் அதுக்கு மேல எதுவும் எழுதலன்னா அவரும் தேறமாட்டாரு. பாராட்டுங்கிறதுக்காக அத நல்ல ரிவ்யூன்னு எடுத்துக்காதீங்க.

'புதுசா இல்ல'ன்னு சொன்னவர் எந்தப் பழைய பேப்பர்ல இது வந்திருக்குன்னு சொல்லலயே, அந்த வேலைய நீங்களே பண்ணுங்க. கிட்ட வர்ற பேப்பர் ரெண்டு மூணு எடுத்து உங்களுது எங்க வேறுபடுதுன்னு அறிமுகத்துலயே தெளிவா எழுதி அடுத்த இதழுக்கு அனுப்புங்க.