செருப்பு கழன்றது தெரியவில்லையா?

அம்மாவுக்கு வந்த மறதி நோய் தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம்தான் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த இந்த இரண்டு பக்கக் கடிதம். சாவியை எங்கே வைத்தேன், யார் பெயர் நினைவுக்கு வரவில்லை என்று தேதி போட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் 63 வயதில் இதெல்லாம் சாதாரணம். மறதி நோய் வந்தவருக்குத் தன் மறதி பெரும்பாலும் தெரியாது. வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிப்பார்கள். சொதிக்குத் தேங்காயின் மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் விடுகிற வரிசையே குழம்பினால் அப்போது வாருங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான் எனக்குக் கவலை: "நடக்கும்போது செருப்பு கழன்று போனாலும் தெரிவதில்லை."

12 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள். சைவம், பால்கூட காபிக்கு விடுவதோடு சரி. பி12 வைட்டமின் காய்கறி, கீரையில் கிடையாது. பாலில் கொஞ்சம் உண்டு. அதையும் குடல் முழுசாக எடுத்துக்கொள்ள மெட்பார்மின் விடாது. பி12 குறைந்தால் பாதம் மரத்துப்போகும், ஞாபகமும் மந்தமாகும். சர்க்கரையாலும் பாதம் மரக்கும் என்பதால் ஊகித்துக்கொண்டிருக்க முடியாது. இந்த வாரமே ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். ரத்தசோகை இல்லை என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் சாப்பிடும் ஃபோலிக் அமில மாத்திரை ரத்தத்தைச் சரியாகக் காட்டும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பரிசோதனைக்கு முன்னால் மருந்துக்கடையில் சொல்லி 'நரம்பு ஊசி' போட்டுக்கொள்ளவும் வேண்டாம். அதில் பி12 இருப்பதால் அளவு ஏறிக் காட்டும். குறைவு என்றால் மருத்துவர் ஊசி எழுதித் தருவார். சீக்கிரம் பிடித்தால் சரியாகும். நாள் கடந்தால் போன உணர்ச்சி முழுசாகத் திரும்பாது. மெட்பார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம் அந்த ஞாபகசக்தி மாத்திரைகள். யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து ஐந்து டப்பா வாங்கியிருக்கிறீர்கள்! இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிற நீங்கள் ஜின்கோ என்ற அந்த மர இலை மாத்திரையை இன்றே நிறுத்துங்கள், ரத்தக்கசிவு வரலாம். அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களுக்குச் சுமார் ஆறு வருடம் கொடுத்துப் பார்த்து, மறதி நோயை ஜின்கோ தடுக்கவில்லை என்று 2008-லேயே சொல்லிவிட்டார்கள். மஞ்சள்கிழங்கில் செய்த மாத்திரை உடம்பில் சேர்வதே சொற்பம். வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள், ருசிக்காக. அந்தப் பணத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, காது கேட்கும் திறன் எல்லாம் பார்த்துவிடலாம். மூளையைக் காக்க இவற்றுக்குத்தான் ஆதாரம் இருக்கிறது.

முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா? அப்படியென்றால் நாளைக்கே கிளம்புங்கள். அதுவரை தாமிரபரணிப் படித்துறையில் தனியாக இறங்க வேண்டாம்.