குட்டிகளைக் காப்பகத்தில் விடலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் காலி மனையில் ஒரு நாய் ஆறு குட்டிகள் போட்டிருக்கிறது. மூன்று வாரம் ஆகிறது. குடியிருப்போர் சங்கத்தில், தாயையும் குட்டிகளையும் காப்பகத்தில் விட்டுவிடலாம் என்கிறார்கள். வண்டிச் செலவை நானே ஏற்கிறேன். செய்யலாமா?
— வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு காப்பகத்தில் பதினோரு ஆண்டுகள் கால்நடை மருத்துவராக இருந்தவள் என்ற முறையில் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் ஆப்பிள் பெட்டியில் பழைய துண்டு விரித்து ஐந்து குட்டிகளைக் கொண்டுவந்தார்கள். கொழுகொழு என்று இருந்தன. 'நல்ல ஆரோக்கியம்' என்று பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன். ஏழாம் நாள் ஒன்று வாந்தி எடுத்தது. மறுநாள் இரத்தப்பேதி. ஒரு வாரத்துக்குள் நான்கு போய்விட்டன.

அது பார்வோ, நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். அடிபட்டவை, நோயுற்றவை எல்லாம் நுழைகிற அதே வாசல் வழியாகத்தான் உங்கள் குட்டிகளும் நுழைய வேண்டும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நம் செருப்பிலேயே அடுத்த அறைக்குப் போகும். பினாயில் ஊற்றிக் கழுவினால் சாகாது, பிளீச்சிங் பவுடர்தான் வேண்டும். புதிதாக வரும் குட்டிகளை இரண்டு வாரமாவது தனியே வைக்க வேண்டும். இடநெருக்கடியில் எங்களால் பல நாட்கள் அது முடியவில்லை.

குட்டிகள் தாயோடு அங்கேயே இருக்கட்டும். தகரத்தைச் சாய்த்து, அடியில் சாக்கு போடுங்கள். தாய்க்கு இரண்டு வேளை கோழிக்கடைக் கழிவை வேகவைத்துக் கலந்த சோறு கொடுங்கள், பால் ஊறும். குட்டிகளுக்குப் பசும்பால் ஊற்றாதீர்கள், வயிறு போகும். பூச்சி மருந்து இப்போதே தொடங்கலாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி; பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. எட்டு வாரம் முடிந்ததும் வீடு தேடிக் கொடுங்கள். ஆண் குட்டிகளை உடனே கேட்பார்கள். பெண் குட்டிகளுக்கு, கருத்தடைச் செலவைச் சங்கமே ஏற்கும் என்று சொல்லிப் பாருங்கள், எடுப்பார்கள்.

பால்குடி மறந்ததும் தாய்க்கு மாநகராட்சி மூலம் கருத்தடை செய்யுங்கள். மத்திய அரசின் 2023 விலங்குக் கருத்தடை விதிகளின்படி அதைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று டெல்லி நாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும்தான் விலக்கு. பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலைய வளாகங்களுக்கு அந்த நவம்பரில் வேறு உத்தரவு வந்தது. உங்கள் தெருவுக்கு அது பொருந்தாது. சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: காப்பகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். புதிதாக வந்த பூனை இரண்டு நாளாக எதையும் தொடவில்லை. காத்திருக்கலாமா?
— கல்லூரி மாணவர், வேலூர்

பதில்: காத்திருக்காதே தம்பி, இன்றே மருத்துவரிடம் காட்டு. பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதே. பூனைக்கு அது நஞ்சு.

பூனையின் கூண்டு, நாய்களைப் பார்த்தபடி இருக்கிறதா? முதலில் அதை மாற்று. குரைப்புச் சத்தம் எட்டாத அறை வேண்டும். உள்ளே ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, கூண்டின் மேல் துணி. மணல்தட்டும் சோற்றுத்தட்டும் எதிரெதிர் மூலையில் இருக்கட்டும். மத்தி மீனை வேகவைத்து, முள் நீக்கி, இளஞ்சூட்டில் வை. வைத்ததும் வெளியே வந்துவிடு. பயந்த பூனை பெரும்பாலும் ஆளில்லாத இரவில்தான் முதல் வாய் தின்னும்.