உலக அரசியல் தியரி நிஜத்துல உதவுதா? கேளுங்க, சொல்றேன்

காலேஜ்ல பதினெட்டு வருஷமா சர்வதேச அரசியல் எடுக்கறேன். தியரிக்கும் அரசாங்கம் எடுக்கற முடிவுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு கேளுங்க. இப்ப நடக்கற சண்டைல யார் ஜெயிப்பாங்கன்னு மட்டும் வேணாம்.

நெல்லை மாணவி: சார், ஒருத்தர் எழுதினது அப்படியே ஒரு நாட்டோட கொள்கையா மாறியிருக்கா?

மாறியிருக்கும்மா, ஆனா 'அப்படியே' மாறலை, அங்கதான் விஷயமே. 1946 பிப்ரவரி, மாஸ்கோ அமெரிக்கத் தூதரகம். தூதர் ஊர்ல இல்ல, பொறுப்புல இருந்த ஜார்ஜ் கென்னன் காய்ச்சல், பல்வலின்னு படுத்த படுக்கை. உலக வங்கி, ஐ.எம்.எஃப்ல சோவியத் ஏன் சேர மாட்டேங்குதுன்னு வாஷிங்டன்லேர்ந்து கேக்கறாங்க. மனுஷன் படுத்தபடியே சொல்லச் சொல்ல செக்ரட்டரி எழுதி, அஞ்சு பகுதியா நீளமா ஒரு தந்தி போச்சு. அடுத்த வருஷம் 'எக்ஸ்'ங்கற பேர்ல கட்டுரையும் வந்துச்சு. அதுலேர்ந்து எல்லாரும் எடுத்துக்கிட்டது ஒரே வார்த்தை, கன்டெயின்மென்ட், சோவியத்த பரவ விடாம தடுக்கறது. கென்னன் மனசுல இருந்தது என்னன்னா, பெரிய போர் நடத்தற தொழில் பலம் உலகத்துல அஞ்சு இடத்துலதான் இருக்கு, அதுல ஒண்ணுதான் சோவியத் கைல, மிச்சம் நாலும் போகாம பாத்துக்கிட்டா போதும், அதையும் முக்கியமா அரசியல், பொருளாதார வழில. 1950ல வெளியுறவுத் துறை அதிகாரி பால் நிட்ஸ தலைமைல எழுதின என்.எஸ்.சி.-68ங்கற ரகசிய பாதுகாப்புக் கொள்கை அறிக்கை வந்ததும் அது எல்லா இடத்துலயும், ராணுவ பலத்தோடன்னு ஆயிடுச்சு. அந்த வழி வியட்நாம் வரைக்கும் போச்சு, 1966ல கென்னனே செனட் கமிட்டி முன்னாடி அந்தப் போருக்கு எதிரா பேச வேண்டியதாச்சு. கிளாஸ்ல நான் ஓயாம சொல்றது இதான்: தியரி போற இடத்துக்கு அதோட நிபந்தனையும் கூடவே போகணும்.

ஐ.ஏ.எஸ். கனவு: ரியலிசம் நோட்ஸ் பிடிஎஃப் இருக்கா சார்?

இல்ல தம்பி.

சேலத்துக்காரன்: 2002 செப்டம்பர்ல 33 அறிஞர்கள் நியூயார்க் டைம்ஸ்ல விளம்பரமே போட்டாங்க, இராக் போர் வேணாம்னு. ஆறு மாசத்துல போர். அப்புறம் தியரி எதுக்கு?

நல்ல கேள்வி. சதாமை அடக்கி வைக்க முடியும், ஜெயிச்சாலும் வெளிய வர வழி இல்ல, பல வருஷம் அங்கேயே கிடக்கணும்னு சொன்னாங்க. 2011 டிசம்பர் வரைக்கும் படை அங்க இருந்துச்சு. கணிப்பு தப்பலை, கேக்கத்தான் ஆள் இல்ல. அதுக்கு தியரிய குத்தம் சொல்லக்கூடாது.

சேலத்துக்காரன்: அப்ப கென்னன் மேல தப்பே இல்லையா? அஞ்சு இடம்னு 'எக்ஸ்' கட்டுரைல எங்க இருக்கு? மாறிக்கிட்டே இருக்கற இடங்கள்லலாம் எதிர்பலம் காட்டணும்னுதானே எழுதினார்?

நியாயம், ஒத்துக்கறேன். அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1947லயே இதத்தான் கேட்டார், எதிரி தொடற இடத்துக்கெல்லாம் நாம ஓடினா சண்டை எங்கன்னு அவன்தான முடிவு பண்ணுவான்னு. எதிர்பலம்னா பட்டாளம் மட்டும் இல்லன்னு கென்னன் பின்னாடி விளக்கினார், ஆனா அதுக்குள்ள அந்த வார்த்தை கிளம்பிப் போயிடுச்சு. எழுதினவருக்கும் பொறுப்பு உண்டு. இருந்தாலும் நிட்ஸுக்கு கென்னன் மனசுல என்னன்னு தெரியும், ஒரே ஆபீஸ்ல வேலை பாத்தவங்க. அதனால பாதிப் பழிக்கு மேல கென்னன் மேல போட மாட்டேன்.

புதுசா வந்தவர்: டாமினோ தியரி சரியாத்தானே போச்சு? லாவோஸ், கம்போடியா விழுந்துச்சே?

ஒரு நாடு கம்யூனிஸ்ட் ஆனா, வரிசையா நிக்க வெச்ச கட்டை மாதிரி பக்கத்து நாடுகளும் விழும்ங்கறது தியரி இல்லங்க, உவமை. 1954 ஏப்ரல்ல அமெரிக்க அதிபர் ஐசனோவர் பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னது. ஒரு கட்டை ஏன் அடுத்ததத் தள்ளும்னு அதுல காரணமே இல்ல. தாய்லாந்து விழலையே? 1978 கடைசில வியட்நாம் கம்போடியாவுக்குள்ள நுழைஞ்சுது, 1979ல சீனா வியட்நாம அடிச்சுது. எல்லாம் கம்யூனிஸ்ட் நாடுங்க. தேசிய உணர்ச்சின்னு ஒண்ணு இருக்கறத அந்த உவமை பாக்கவே இல்ல.

ஐ.ஏ.எஸ். கனவு 2: ரியலிசம் லிபரலிசம் வித்தியாசம் சுருக்கமா ப்ளீஸ், நோட்ஸ் இருந்தாலும் ஓகே.

மேல பாருங்க. நோட்ஸ் இல்ல.

கோவை: யார் சார் ஜெயிப்பா?

முதல் பத்தியிலயே வேணாம்னு சொல்லிட்டேன்.

எம்.ஏ. ரெண்டாம் வருஷம்: வெளியுறவு பத்தி ரெண்டு பக்கத்துல பாலிசி நோட் எழுதச் சொல்லியிருக்காங்க, எப்படி ஆரம்பிக்கறது?

கடைசிப் பத்திய முதல்ல எழுதும்மா. நான் சொல்ற யோசனை எந்தெந்த சூழ்நிலைல தப்பாகும்னு நாலு வரி. அத முதல் பக்கத்துக்கு ஏத்திடு, ரெண்டாம் பக்கத்த பல பேர் திருப்பவே மாட்டாங்க.