மழை, காற்றில் குழுவாக மலை ஏறுவது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அடிவாரத்தில் வெறும் தூறல்தான், காற்றே இல்லை. மேலேயும் அப்படித்தானே இருக்கும்?

பதில்: இருக்காது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும், முகட்டில் காற்றும் கீழே இருப்பதைவிட பலமாக அடிக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடும். 5 டிகிரி குளிரில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று வீசினால் முகத்துக்கு மைனஸ் 1 டிகிரி போல உறைக்கும், அதுவும் நனையாமல் இருந்தால். அதனால் வானிலை அறிவிப்பில் மழையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், உச்சியில் காற்று எவ்வளவு என்று பாருங்கள். மழையில் நடந்துவிடலாம். ஆளைத் தள்ளும் காற்றில் முகட்டுப் பாதை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஜீன்ஸ், காட்டன் டி-ஷர்ட், மேலே ரெயின்கோட். போதுமா?

பதில்: போதாது. பருத்தி நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளியோ பாலியெஸ்டரோ போடுங்கள். ரெயின்கோட்டை நனைவதற்கு முன்பே மாட்டுங்கள். மாற்று உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், முதுகுப்பையின் உறையைக் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: பன்னிரண்டு பேர் போகிறோம். வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய்க் காத்திருந்தால் என்ன?

பதில்: இதைத்தான் எல்லாக் குழுவும் செய்கிறது, மழை நாளில் இதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. முன்னால் போனவர்கள் வியர்வையோடு காற்றில் நின்று விறைத்துப்போவார்கள், பின்னால் வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாம்" என்பார்கள், ஆக யாருக்கு ஓய்வு வேண்டுமோ அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. மெதுவாக நடப்பவரை இரண்டாவது ஆளாக விடுங்கள், அவர் வேகம்தான் எல்லோருக்கும். அனுபவசாலி ஒருவர் கடைசியில் வரட்டும். தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு காற்றில் நடக்கும்போது பின்னால் கூப்பிடுவது காதில் விழாது, எனவே அடிக்கடி திரும்பிப் பார்த்துத் தலை எண்ணுங்கள். நேரத்துக்கு, ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். இது நல்ல வானிலைக்கு, ஓய்வும் இதில் சேராது.

கேள்வி: ஒருத்தருக்குக் குளிர் ஏறிவிட்டது என்று எப்படித் தெரியும் சார்?

பதில்: கலகலப்பாகப் பேசியவர் பேச்சைக் குறைப்பார், தடுமாறுவார், ஜிப்பைக்கூட இழுக்க வராது, கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார். அவர் வார்த்தையை நம்பாதீர்கள். காற்றுப் படாத இடத்தில் உட்கார வைத்து, ஈர உடையை மாற்றி, அடியில் பையைப் போட்டு, விழுங்க முடிந்தால் இனிப்பும் சூடான பானமும் கொடுங்கள். மது கூடவே கூடாது. குழப்பமாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் நின்றால் தேறிவிட்டார் என்று அர்த்தமில்லை, நிலைமை முற்றிவிட்டது. அப்போது நடக்க வைக்காமல் மீட்புக் குழுவை அழையுங்கள்.

கேள்வி: மேலே போனில் சிக்னல் கிடைக்கவில்லை என்றால்?

பதில்: விசில். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். மூன்று முறை ஊதும் சத்தம் வந்தால் அதுதான் பதில். ஆனாலும் நிறுத்தாதீர்கள், ஆட்கள் வந்து சேரும்வரை ஊதுங்கள், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மூடுபனியில் உங்களைக் கண்டுபிடிப்பார்கள்.