சிங்கி இறாலும் ரத்த முதுகும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க விடுதலைப் போர் பற்றிய ஒரு தொடர் பார்த்தோம். அதில் பாஸ்டன் மக்கள் பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பார்த்து ‘லாப்ஸ்டர்’, ‘பிளடி பேக்’ என்று கத்துகிறார்கள். சிவப்புச் சட்டை போட்டதால்தான் என்கிறான் என் மகன். அவ்வளவுதானா? அமெரிக்கர்களே உண்டாக்கிய வசவுகளா இவை?

தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதல் பெயரைப் பொறுத்தவரை மகன் சொல்வது சரி. லாப்ஸ்டர் நம் சிங்கி இறாலுக்கு உறவுதான். (நம்மூர்ச் சிங்கிக்குப் பெரிய கொடுக்கு கிடையாது, பாஸ்டன் கடலில் கிடைப்பதற்கு உண்டு.) வேகவைத்தால் இரண்டுமே சிவந்துவிடும். ஆனால் இந்தக் கேலி அமெரிக்கச் சரக்கு இல்லை, இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போனது. 1643இல், அங்கே மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்தபோது, பாராளுமன்றத் தரப்பின் ஆர்தர் ஹேசல்ரிக்கின் குதிரைப்படையை எதிரணியினர் லாப்ஸ்டர்கள் என்றார்கள். அப்போது காரணம் நிறம் அல்ல, உடம்பை ஓடு மாதிரி மூடியிருந்த இரும்புக் கவசம். 1645இல் பாராளுமன்றத்தின் புதிய படைக்குச் சிவப்பு அங்கி வந்தது. அப்புறம் ஓடு போய் நிறம் நின்றுவிட்டது. பாதிரியார் ஒருவர் பட்டாளத்தில் சேர்ந்தால் ‘லாப்ஸ்டரை வேகவைத்துவிட்டார்’ என்று சொல்லும் கொச்சை வழக்குகூட அங்கே இருந்தது. கறுப்பு அங்கி சிவப்பாகிறதே!

‘பிளடி பேக்’ வேறு சங்கதி. ரத்த முதுகு. சட்டையின் சிவப்பும் அதில் இருக்கலாம், ஆனால் குத்துவது சவுக்கடியை. 1768 அக்டோபரில் பட்டாளம் பாஸ்டனில் வந்திறங்கியது. சிப்பாய்களுக்கான தண்டனை ஊர்ப் பொதுத்திடலிலேயே, எல்லோரும் பார்க்க நடந்தது. நூற்றுக்கணக்கில் அடி விதிப்பது அந்தப் படையில் சாதாரணம். சவுக்கைப் பிடிப்பது முரசடிப்பவர்களின் வேலை. 29ஆம் படைப்பிரிவில் அவர்கள் கறுப்பினத்தவர். கறுப்பர்களை அடிமைகளாக வைத்திருந்த ஊர், கறுப்பர் கையால் வெள்ளைச் சிப்பாயின் முதுகு கிழிவதைப் பார்த்து அதிர்ந்தது. அதே ஊர்தான் அந்த முதுகைச் சொல்லிச் சிப்பாயை ஏசவும் செய்தது. ‘எங்களை அடக்க வந்தாயாக்கும், உன் முதுகைப் பார்’ என்பது மாதிரி. ஒருவன் வாங்கிய அடியையே அவனுக்குப் பட்டப்பெயராக்குவதில் ஒரு கொடூரம் இருக்கிறது. லாப்ஸ்டரைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம், இதை என்னால் முடியவில்லை.

நீங்கள் பார்த்த காட்சி அநேகமாக 1770 மார்ச் 5 இரவு, கிங் தெருவில் நடந்ததாக இருக்கும். காவலுக்கு நின்றவர்கள் அதே 29ஆம் படைப்பிரிவினர். ‘ரத்த முதுகுகளே, லாப்ஸ்டர் அயோக்கியர்களே, தைரியமிருந்தால் சுடுங்கள்’ என்று கூட்டம் கத்தியதாக அவர்களின் தலைவர் கேப்டன் பிரஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். சுட்டார்கள். ஐந்து பேர் செத்தார்கள்.

சிப்பாய்களுக்காக வாதாடியவர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ். கூட்டம் சீண்டியதால்தான் சுட்டார்கள் என்பது அவர் வாதம். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலையானார்கள். மற்ற இருவருக்குக் கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பிவிட்டார்கள்.