ஒரே கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் தனித்தனியாக வேலை செய்ய முடியுமா?

முடியும். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது.

இதை யாரிடம் கேட்டாலும் "பேசாமல் பழைய லேப்டாப் ஒன்று வாங்கிவிடுங்கள்" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். வாங்க வழியிருந்தால் நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள். வீட்டில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர், அதுதான் ஒருவருக்குச் சோறு போடுகிறது, இன்னொருவருக்குப் படிப்புக்கு வேண்டும் என்ற நிலைதான் உங்களுக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் சேலம் அம்மாப்பேட்டையில் சேலைக்கு ஜக்கார்டு டிசைன், அதாவது தறியில் நெய்யும்போதே விழுகிற பூ, மயில் உருவங்கள், போட்டுக் கொடுக்கிறவன். 2020 ஊரடங்கில் தறிகள் நின்றன, மாதக்கணக்கில் வேலை இல்லை. ஆகஸ்டில் தீபாவளிச் சரக்குக்கு ஆர்டர் வர ஆரம்பித்த நேரத்தில் மகளுக்கு பிளஸ் ஒன் ஆன்லைன் வகுப்பு. காலை 9 மணிக்கு அவள் உட்கார்ந்தால் எழ மதியம் ஆகிவிடும். இரவில் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தேன். முந்தானையில் ஒரு கட்டம் தப்பினால் நெய்கிற சேலை அத்தனையிலும் அந்தத் தப்பு வரும். தூக்கக் கலக்கத்தில் செய்கிற வேலை இல்லை அது.

சாதாரண விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உட்கார விடும். ஆஸ்டர் என்று காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் போட்டால் இரண்டு பேர் உட்காரலாம். நான் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்குப் போனேன். அதில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, 'மல்டிசீட்' என்பார்கள். என் வேலை கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளிலேயே முடிந்துவிடும் என்பதால் எனக்குச் சரிப்பட்டது. விண்டோஸில் மட்டும் ஓடுகிற டிசைன் மென்பொருள்தான் வேண்டும் என்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம், உங்களுக்கு இது ஒத்துவராது.

ஆளுக்கு ஒரு மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வேண்டும். திரைக்குப் படம் அனுப்புகிற கிராஃபிக்ஸும் ஆளுக்கு ஒன்று வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரே கார்டில் இரண்டு மானிட்டர் சொருகினால் ஒருவருக்கே இரண்டு திரை வரும், அவ்வளவுதான். மதர்போர்டில் இருக்கிற இன்டெல் கிராஃபிக்ஸ் எனக்கு. பழைய ரேடியான் 5450 கார்டு ஒன்று வாங்கிப் போட்டு மகளுக்கு. கார்டு சொருகியதும் உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸ் தானாக அணைந்துவிடலாம், பயாஸில் (கம்ப்யூட்டர் துவங்கும்போதே நுழைகிற அமைப்புப் பக்கம்) போய் அதைத் திறந்துவிட வேண்டும். அப்புறம் லினக்ஸின் 'லாகின்கன்ட்ரோல்' (loginctl) கட்டளையில் கார்டையும் மகளின் யூஎஸ்பி ஹப்பையும் இரண்டாவது சீட்டுக்கு எழுதி வைத்தால் போதும், அணைத்துப் போட்டாலும் மறக்காது. ஹப்பில் சொருகுவதெல்லாம் அவளுக்குப் போய்விடும். ஹெட்செட்டும் யூஎஸ்பியாகவே வாங்குங்கள், இல்லையென்றால் சத்தம் யாருக்குப் போகும் என்ற தகராறு வரும். 4 ஜிபி ராமில் திணறியது, 8 ஆக்கியதும் சரியாகிவிட்டது. நான் பத்தாவது வரை படித்தவன். எனக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஆனது.

ஆனால் பவர் பட்டன் ஒன்றே ஒன்றுதான்.

ஒரு நாள் காலை என் திரை அப்படியே நின்றுவிட்டது. மவுஸ் அசையவில்லை. பல வருடப் பழக்கம், கை தானாகப் போய் பட்டனை அழுத்திப் பிடித்தது. பக்கத்துத் திரையும் இருண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. மகளுக்கு வேதியியல் தேர்வு, 40 கேள்வியில் 31 முடித்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, கீபோர்டு மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் டீச்சர் மறுபடி எழுதச் சம்மதித்தார். அதற்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருவர் திரை நின்றால் மற்றவர் இடத்திலிருந்து நின்றுபோனவரின் செஷனை, அதாவது அவர் திறந்து வைத்திருப்பதை, மட்டும் முடித்துவிடலாம், மற்றவர் வேலைக்கு ஒன்றும் ஆகாது. இதை மகள்தான் தேடிக் கண்டுபிடித்தாள். "இனி உங்களுது நின்னா என்னைக் கூப்பிடுங்கப்பா" என்றாள். பவர் பட்டனை லேசாகத் தட்டினால் அணையாதபடி அமைப்பில் மாற்றலாம். அழுத்திப் பிடித்தால் எந்த அமைப்பும் தடுக்காது. அதனால் பழைய ஜக்கார்டு அட்டையில் ஒரு துண்டு வெட்டி, பட்டன் மேல் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். இன்னும் அப்படியே இருக்கிறது.

இருவருக்கும் தனித்தனி பயனர் கணக்கு வையுங்கள், ஃபைல்கள் ஒன்றோடொன்று கலக்காது, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியும் வைக்கலாம். பூட்டு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் கம்ப்யூட்டரில் இருக்கும் டிசைனை நான் பூட்டலாம், வெளியே போன டிசைனை யார் பூட்டுவது? "சாம்பிள் பார்க்க" என்று வாட்ஸ்அப்பில் படம் வாங்குகிற வியாபாரி வேண்டாம் என்பார். அடுத்த மாதம் அதே மயில், அதே கொடி இன்னொரு தறியில் ஓடும். டிசைன் சட்டம் 2000 இருக்கிறது, பதிவு செய்தால் 10 வருடம் பாதுகாப்பு, மேலும் 5 வருடம் நீட்டிக்கலாம். ஆனால் சேலை மோஸ்தர் ஒரு தீபாவளியோடு போய்விடும், டிசைனுக்குச் சில நூறு ரூபாய் வாங்குகிறவன் ஒவ்வொன்றையும் எங்கே போய்ப் பதிவது? இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், வயிற்றெரிச்சலில் சொல்லிவிட்டேன்.

மகள் இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள். இரண்டாவது சீட்டை நான் கழற்றவில்லை, விடுமுறைக்கு வந்தால் அங்கேதான் உட்காருவாள். உங்கள் மதர்போர்டு மாடல் என்ன, கார்டு சொருக இடம் இருக்கிறதா என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.